மகன் கோல்ஃப் பயிற்சியாளர் ஆகணும்ங்கான்; அது என்ன வேலைன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க

தோவாளை அம்மா | ஞாயிறு, இரவு 9.10

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு இந்த விளையாட்டப் பத்தி ஒண்ணும் தெரியாது. மகன் நாகர்கோவில்ல பி.பி.எட். கடைசி வருஷம் படிக்கான். ஏதாவது பள்ளிக்கூடத்துல பி.டி. சார் ஆயிருவான்னு நானும் அவன் அப்பாவும் நினைச்சிருந்தோம். போன லீவுக்கு பெங்களூருல என் தம்பி வீட்டுக்குப் போனவன், பக்கத்துல ஒரு கோல்ஃப் ரேஞ்சுல, அதாவது பந்து அடிச்சுப் பழகுற இடத்துல, மூணு வாரம் பந்து பொறுக்கிப் போடுற வேலை பாத்திருக்கான். அங்க ஒருத்தர் பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்கத தினமும் பாத்துட்டு வந்து, "அம்மா, எனக்கு அந்த சார் மாதிரி ஆகணும்"ங்கான்.

அவன் அப்பாவுக்குப் பிடிக்கல. "பணக்காரன் வெளையாட்டு, பூக்கட்டுற வீட்டுப் பையனுக்கு எதுக்கு"ன்னு சொல்லுகாரு. எனக்கு அவன் முகத்தப் பாத்தா வேண்டாம்னு சொல்ல மனசு வரல. ஆனா தெரியாத ஒண்ணுக்கு எப்படி சரின்னு சொல்ல? அந்தப் பயிற்சியாளர் காலையில இருந்து ராத்திரி வரைக்கும் என்ன செய்வாரு, அவருக்குப் பொறுப்பு என்ன, குடும்பம் நடத்த ஆகுமா, இது மூணும் தெரியணும்.

மார்த்தாண்டம் ரப்பர் | ஞாயிறு, இரவு 9.48

அக்கா, நான் துபாய்ல ஒரு கோல்ஃப் ரேஞ்சுல 11 வருஷம் வேலை பாத்தவன். பந்து பொறுக்க வண்டி ஓட்டுறது, பாய் விரிக்கது, கூடையில பந்து நிறைக்கது. அங்க மண்ணெல்லாம் மணல்தான். 1988-ல எமிரேட்ஸ் கோல்ஃப் கிளப்ல முழுசா புல்லு வச்சு மைதானம் போட்டாவ. அதுக்கு முன்ன அந்தப் பக்கத்துல கறுப்பா எண்ணெய் கலந்த மணல்மேலதான் ஆடுவாவளாம்.

நான் கண்ணால பாத்தத சொல்லுகேன். எங்க ரேஞ்சுல ரெண்டு கோச் இருந்தாவ. ஒருத்தர் ஒரு மணி நேரமும் பேசிக்கிட்டே இருப்பாரு. தோள் இப்படி, முட்டி அப்படி, தலை அசையக்கூடாது, கை மடங்கக்கூடாது. படிக்க வந்த ஆளு வேர்த்து ஊத்தி நிப்பாரு. மத்தவரு ஸ்டூல் போட்டு உக்காந்து பத்துப் பன்னிரண்டு அடி சும்மா பாப்பாரு. பொறவு எழுந்து வந்து ஒரே ஒரு சங்கதி சொல்லுவாரு. நான் பந்து பொறுக்கிட்டுத் திரும்பி வரச்சில அந்த ஆளோட பந்து நேரா போயிட்டு இருக்கும். இந்த ரெண்டாவது ஆள்கிட்ட இடம் கிடைக்க வாரக்கணக்குல காத்திருக்கணும். உங்க மகன் பாத்தது அப்பிடி ஒரு ஆளா இருந்தா கொள்ளாம்.

கோட்டாறு செட்டிக்குளம் | ஞாயிறு, இரவு 10.20

அக்கா வருத்தப்படக்கூடாது, மனசுல பட்டத எழுதுறேன். நம்ம மாவட்டத்துல ஒரு கோல்ஃப் மைதானம் கிடையாது. கால்பந்துன்னா கடற்கரை ஊரு ஒவ்வொண்ணுலயும் ஆடுறான், வாலிபாலுக்கு, கபடிக்கு ஆள் உண்டு. பி.பி.எட். முடிச்சவன் இதுல ஏதாவது ஒண்ணுக்குப் பயிற்சியாளர் ஆனா ஊர்லயே இருந்து பெத்தவங்களப் பாத்துக்கலாம். கோல்ஃப்னா ஆயுசு பூரா வெளியூர்தான். அப்பாவோட பயத்துல நியாயம் இருக்கு.

வடசேரி மட்டை | திங்கள், அதிகாலை 4.55

அக்கா, நான் வடசேரிக்காரன். 16 வருஷமா கோல்ஃப் சொல்லிக் கொடுக்கிறதுதான் தொழில். முதல்ல கோயம்புத்தூர், இப்போ பெங்களூரு. முதல் பாடம் 6 மணிக்கு, கிளம்பணும். ராத்திரி விரிவா எழுதுறேன். இப்போதைக்கு ஒண்ணு மட்டும். உங்க பையன் ஆடுறவங்களப் பார்த்து ஆசைப்படல, சொல்லிக் கொடுக்கிறவரப் பார்த்து ஆசைப்பட்டிருக்கான். இந்த வேலைக்கு வர்ற முக்கால்வாசிப் பேர் போட்டியில ஜெயிக்க முடியாம வந்தவங்க. நானும் அப்படித்தான் வந்தேன். நேரா இதுக்கே ஆசைப்பட்டு வர்றவன் அபூர்வம்.

வடசேரி மட்டை | திங்கள், இரவு 9.30

சொன்னபடி எழுதுறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

புதுசா ஒருத்தர் வந்தா முதல் 10 நிமிஷம் மட்டையத் தொட விடமாட்டேன். உட்கார வெச்சுக் கேட்பேன். முதுகுவலி உண்டா, முட்டியில ஆபரேஷன் ஆனதா, வாரத்துல எத்தனை நாள் பயிற்சி செய்ய முடியும், எதுக்காகக் கத்துக்க வந்தீங்க. கடைசிக் கேள்விக்கு வர்ற பதில்லதான் பாடமே இருக்கு. ஒருத்தர் ரிட்டயர் ஆனதும் நண்பர்களோட காலையில நடக்கணும்னு வருவார். ஒரு 13 வயசுப் பொண்ணு மாநில அணியில ஆடணும்னு வரும். ரெண்டு பேருக்கும் பந்து வலப்பக்கமா வளைஞ்சு ஓடும். தப்பு ஒண்ணுதான். ஆனா அந்தப் பொண்ணுக்கு ஆறு மாசம் எடுத்து அடிப்படையையே மாத்தலாம். பெரியவருக்குப் பிடியை மட்டும் லேசா திருப்பி விட்டு, அந்த வளைவோடவே ஆடக் கத்துக் கொடுக்கணும்.

பந்து மட்டையில ஒட்டியிருக்கிற நேரம் ஒரு விநாடியில 2000-ல ஒரு பங்கு. அந்த நேரத்துல யாராலயும் எதையும் சரிபண்ண முடியாது. மட்டை முகம் எந்தப் பக்கம் பார்க்குதோ பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் பந்து கிளம்பும். முகமும் மட்டை வர்ற பாதையும் ஒண்ணுக்கொண்ணு விலகினா காத்துல வளையும். அதனால நாங்க திருத்துறது எல்லாம் அடிக்கு முன்னாடி இருக்கிற விஷயங்கள்: பிடி, நிக்கிற விதம், பந்து காலுக்கு எங்க இருக்கு, தோள் எந்தத் திசை. ஒரு ஆள்கிட்ட நாலு தப்பு தெரியும். அதுல எது வேர், எது அந்த வேரால வந்த கிளைன்னு பிரிச்சுப் பார்த்து ஒண்ணை மட்டும் சொல்லணும். மார்த்தாண்டம் அண்ணாச்சி சொன்ன ஸ்டூல்காரர் அதைத்தான் செஞ்சிருக்கார்.

நான் செஞ்ச ஒரு தப்பையும் எழுதுறேன். தொழிலுக்கு வந்த இரண்டாவது வருஷம். 58 வயசு மாணவர். ஒழுங்கா ஆடிட்டிருந்தார். பிடி மட்டும் புத்தகத்துல இருக்கிற மாதிரி இல்ல. அவரோட கிளப் போட்டிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது பிடியை மாத்தினேன். புதுசு கைக்கு வரல, பழசும் போயிடுச்சு. போட்டியில பாதியில மட்டையைப் பையில போட்டுட்டு நடந்து வந்தார். என்கிட்ட ஒரு வார்த்தை கோபமா பேசல. அதுதான் இன்னும் வலிக்குது. அப்புறம் நாலு மாசம் காசு வாங்காம அவர்கூட நின்னேன். அன்னைல இருந்து போட்டிக்கு ஒரு மாசத்துக்குள்ள இருந்தா யாரோட ஸ்விங்கிலயும், அதாவது மட்டை வீச்சுலயும், கை வைக்கிறதில்ல.

அடுத்தது, மாணவர் விரும்பாததையும் செய்ய வைக்கணும். எல்லாருக்கும் டிரைவர்ங்கிற நீள மட்டையை எடுத்து ஓங்கி அடிக்க ஆசை. ஆனா எல்லாக் குழியிலயும் பந்தைப் போட மொத்தம் 72 தடவை அடிக்கலாம்னு கணக்கு வெச்சிருக்கிற மைதானத்துல, ஒவ்வொரு குழிக்கும் ரெண்டு புட்டிங், அதாவது ரெண்டு உருட்டல்னுதான் கணக்கு. 18 குழிக்கு 36. பாதி ஆட்டம் கிரீன்ல, குழியைச் சுத்தி இருக்கிற ஒட்ட வெட்டின புல்லுல, மெல்ல உருட்டுறதுதான். 108 மில்லிமீட்டர் அகலக் குழி. அதனால பிள்ளைகளுக்கு நான் குழியில இருந்து ஆரம்பிச்சுப் பின்னாடி போவேன். முதல்ல ஒரு முழம் தூரத்துல இருந்து உருட்டு, அப்புறம் கிட்ட இருந்து சின்னதா தூக்கி அடிக்கிற சிப், அதுக்கப்புறம் அரை ஸ்விங். டிரைவர் கடைசி. பெத்தவங்க வந்து "இன்னும் பெரிய அடி சொல்லிக் கொடுக்கலையே"ம்பாங்க. அவங்களுக்குப் பொறுமையா விளக்குறதும் என் வேலைதான்.

நாள் எப்படிப் போகும்னு கேட்டீங்க. 5.30-க்கு ரேஞ்சுல இருக்கணும். 6-ல இருந்து 9.30 வரை பெரியவங்க, ஆபீஸ் போறதுக்கு முன்னாடி. நடுவுல மட்டைக்குப் புது ரப்பர் பிடி மாட்டுறது, காலையில எடுத்த வீடியோவைப் பார்த்து ஒவ்வொருத்தர் நோட்டிலயும் எழுதுறது. யார்கிட்ட போன வாரம் என்ன சொன்னேன்னு எழுதி வைக்கலைன்னா இந்த வாரம் அதுக்கு நேர்மாறா சொல்லிடுவோம். 4-ல இருந்து 6 வரை பிள்ளைகள். வாரத்துல ரெண்டு நாள் ஒரு மாணவரோட மைதானத்துலயே 9 குழி நடக்கிற பாடம். அங்கதான் அவர் எப்படி முடிவெடுக்கிறார்னு தெரியும்.

பணக்காரன் விளையாட்டுங்கிறதைப் பத்தி: மைதானம் பணக்காரங்களோடது, மறுக்கல. ஆனா டெல்லியில ஆடுறவங்களோட மட்டைப் பையைத் தூக்குற கேடியா இருந்த அலி ஷேர் 1991-ல இந்தியன் ஓபன் ஜெயிச்சார். ராயல் கல்கத்தா கிளப்ல புல் பராமரிச்சவரோட மகன் சௌராசியா 2016, 2017 ரெண்டு வருஷமும் அதே பட்டத்தை ஜெயிச்சார். இந்தத் தொழில்ல என்னோட கூட இருக்கிறவங்க பலரும் கேடியா ஆரம்பிச்சவங்க. பூக்கட்டுற கைக்கு விரல் அழுத்தம் தெரியும் அக்கா. பிடியைப் பத்தி நான் ஒரு வாரம் சொல்றதை உங்க பையன் ஒரு நாள்ல புரிஞ்சுக்குவான்னு நினைக்கிறேன்.

குளச்சல் மீனா | செவ்வாய், காலை 10.15

பொறுப்பைப் பத்தி நானும் ஒண்ணு சொல்லணும். நாங்க வெளியூர்ல இருந்தப்போ என் மகளை ஒரு கோடைகால முகாம்ல சேர்த்தோம். அப்போ 8 வயசு. பத்துப் பிள்ளைகளுக்கு ஒரே பயிற்சியாளர். அவர் ஒரு பையனுக்குச் சொல்லிக் கொடுத்துட்டு இருந்தப்போ, பின்னாடி இன்னொரு பிள்ளை சும்மா மட்டையைச் சுழற்றிருக்கு. என் மக நெத்தியில பட்டு 5 தையல். கண்ணுக்கு மேல ஒரு விரல் தூரம். இன்னைக்கும் அந்தத் தழும்பைப் பார்த்தா எனக்கு வயிறு கலங்கும். தோவாளை அக்கா, உங்க மகன் இந்த வேலைக்குப் போனா, ஸ்விங் அழகைவிட முதல்ல பிள்ளைகளை எங்க நிக்க வைக்கணும்னு கத்துக்கச் சொல்லுங்க.

வடசேரி மட்டை | செவ்வாய், மதியம் 1.40

படிச்சதும் கை நின்னு போச்சு தங்கச்சி. அது விபத்துன்னு நான் சொல்லமாட்டேன், அது பயிற்சியாளர் பொறுப்பு.

என் வகுப்புல பிள்ளைகள் ஒரே கோட்டுல நிப்பாங்க, ரெண்டு பேருக்கு நடுவுல மட்டையை நீட்டினாலும் தொடாத இடைவெளி. இடக்கைப் பிள்ளையைக் கோட்டோட கடைசியில, மத்தவங்களுக்கு முகம் காட்டாம முதுகு காட்டி நிக்க வைப்பேன். என் விசில் இல்லாம மட்டை தரையை விட்டு எழும்பக்கூடாது, பந்து எடுக்க யாரும் கோட்டைத் தாண்டக்கூடாது. ஆறு பிள்ளைக்கு மேல வந்தா உதவிக்கு ஆள் இல்லாம வகுப்பே எடுக்கிறதில்ல. இடி சத்தம் கேட்டா அந்த நிமிஷமே எல்லாரும் கட்டடத்துக்குள்ள; வெட்டவெளியில கையில இரும்புக் கம்பியோட நிக்கிற விளையாட்டு இது. நம்ம ஊர்ல ரெண்டு பருவமழையும் உண்டு, ஐப்பசி இடி எப்படி இருக்கும்னு தெரியும்லா.

தொட்டுத் திருத்துறதைப் பத்தியும் சொல்லிடுறேன். இடுப்பைத் திருப்பு, தோளை இறக்குன்னு கையால பிடிச்சுக் காட்டுற பழக்கம் பழைய ஆட்கள்கிட்ட உண்டு. நான் ஒரு நீளக் குச்சியை வெச்சுக் காட்டுவேன், இல்லைன்னா நானே நின்னு காட்டுவேன். கையைத் தொட்டே ஆகணும்னா "உன் கையைப் பிடிச்சுக் காட்டட்டுமா"ன்னு கேட்டுட்டு, அதுவும் பெத்தவங்க பார்க்கிற இடத்துல. பிள்ளையோட தனியா மூடின அறையில வீடியோ பார்க்கிறது, ராத்திரி பிள்ளைக்கு நேரா மெசேஜ் போடுறது எதுவும் கிடையாது. சேதி எல்லாம் அம்மா அப்பா போனுக்குத்தான். உங்க பையன் எந்த அகாடமியில சேர்ந்தாலும் அங்க இதுக்கு எழுத்துல விதி இருக்கான்னு கேட்கச் சொல்லுங்க அக்கா.

தக்கலை பிசியோ | செவ்வாய், இரவு 8.05

நான் பிசியோதெரபிஸ்ட். கோல்ஃப் ஆடினதில்லை, ஆனா வெளிநாட்டுல இருந்து லீவுக்கு வர்றவங்க சிலர் இந்த வலியோட வருவாங்க. முழங்கை உள்பக்க வலி, இடுப்புக்கு மேல கீழ்முதுகு வலி. நின்ன இடத்துல உடம்பைத் திருகி, அதே வேகத்துல எதிர்ப்பக்கம் திருப்புற அசைவு இது. இடுப்பும் நடுமுதுகும் திரும்பலைன்னா அந்தத் திருகல் எல்லாம் கீழ்முதுகு மேல விழும். வந்தவுடனே நூறு பந்து அடிக்கிறவங்களுக்குத்தான் இது அதிகம்.

பயிற்சியாளர் வைத்தியம் பார்க்கக்கூடாது. ஆனா வலியோட அடிக்கிறவரைக் கண்டுபிடிச்சு நிறுத்தி எங்ககிட்ட அனுப்பணும். வளர்ற பிள்ளைக்குப் பெரியவங்க மட்டையை வெட்டிக் கொடுக்கிறாங்கன்னு கேள்விப்பட்டேன், அது சரியா?

வடசேரி மட்டை | செவ்வாய், இரவு 9.20

சரியில்ல. நீளம் குறையும், கம்பியோட விறைப்பும் தலைப் பாரமும் குறையாது. பிள்ளை அதைத் தூக்க உடம்பையே வளைக்கும், அந்த வளைவு பழக்கமாயிடும். ஒண்ணு ரெண்டு மட்டை போதும், ஆனா பிள்ளை அளவுக்குச் செஞ்சதா இருக்கணும். பணம் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அகாடமி மட்டையே இரவல் கொடுக்கலாம்.

முட்டம் பாறை | செவ்வாய், இரவு 10.35

சென்னையில ஐ.டி. வேலை, மூணு வருஷமா ஆடுறேன். என் அனுபவத்துல, ரேடார் மெஷின் வந்த பிறகு பயிற்சியாளரோட கண்ணுக்கு வேலை குறைஞ்சிருச்சு. பந்து வேகம், சுழற்சி, மட்டை வர்ற பாதை எல்லாம் எண்ணா திரையில வருது. பந்து மட்டை வீசின பாதையிலதான் கிளம்பும்னு எனக்கு முதல்ல சொல்லிக் கொடுத்தவர் தப்பாத்தான் சொன்னார். மெஷின்தான் அதைத் திருத்துச்சு. தம்பி படிக்கிறதா இருந்தா அந்த எண்களைப் படிக்கக் கத்துக்கட்டும்.

மார்த்தாண்டம் ரப்பர் | செவ்வாய், இரவு 11.02

மெஷினு எங்க ரேஞ்சுலயும் வந்துது. ஆளுவ பந்தப் பாக்காம திரையையே பாத்துட்டு நிப்பாவ. ஒரு நாள் ஒருத்தரு அடிக்க அடிக்க எண்ணு குறையுது, என்ன செய்தும் சரியாகல. நம்ம ஸ்டூல்காரரு வந்து பாத்துட்டு, "சாப்பிட்டீங்களா"ன்னு கேட்டாரு. நோன்பு வச்சிட்டு சாயங்காலம் வந்திருக்காரு மனுஷன். மட்டையை வாங்கி வச்சிட்டு உக்கார வச்சாரு.

வடசேரி மட்டை | புதன், அதிகாலை 5.00

முட்டம் தம்பி சொன்னதுல பாதி முழுக்க உண்மை. பழைய பாடத்தை நானும் தப்பாத்தான் படிச்சேன், தப்பாவே சில வருஷம் சொல்லிக் கொடுத்தேன். ரேடார் அளவு வந்தப்போ என் மாணவர்கள் ரெண்டு பேரைக் கூப்பிட்டு "நான் சொன்னது தப்பு"ன்னு சொன்னேன். புதுசா தெரிய வர்றதைப் படிச்சுக்கிட்டே இருக்கிறது இந்த வேலையோட கடமை. ஆனா எண் என்ன நடந்ததுன்னு சொல்லும். ஏன் நடந்ததுன்னு அண்ணாச்சி சொன்ன மாதிரி ஆளைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கணும்.

தோவாளை பையன் | புதன், இரவு 9.15

வணக்கம் அண்ணே. நான்தான் அந்த மகன். அம்மா எல்லாத்தையும் அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டினாங்க. அந்த 58 வயசுக்காரர் கதையை அப்பா ரெண்டு தடவை வாசிக்கச் சொன்னாரு.

எனக்கு ரெண்டு சந்தேகம். எங்க மாமா அமெச்சூர் போட்டியில, அதாவது தொழிலா ஆடாதவங்களுக்கான போட்டியில, ஆடிப் பார்க்கச் சொல்றாங்க. சொல்லிக் கொடுத்துக்கிட்டே அதுல ஆடலாமா? அப்புறம் போட்டி நடக்கிறப்போ என் மாணவர் தப்பா அடிச்சா நான் கூப்பிட்டுச் சொல்லலாமா?

வடசேரி மட்டை | புதன், இரவு 10.10

முதல் கேள்வி முக்கியம் தம்பி, நல்லா யோசி. காசு வாங்கிச் சொல்லிக் கொடுக்க ஆரம்பிச்சா பொதுவா அமெச்சூர் தகுதி போயிடும். ரேஞ்சுல பந்து பொறுக்கினதால ஒண்ணும் ஆகாது. அதனால ஆடிப் பார்க்கணும்னா முதல்ல ஆடு, சம்பளத்துக்குச் சொல்லிக் கொடுக்கிறது பிறகு. அவசரப்படாதே. நல்லா ஆடத் தெரியாதவன் சொன்னா மாணவர் கேட்கமாட்டார், ரெண்டு மூணு வருஷம் ஆடினது எப்பவும் கூட வரும்.

ரெண்டாவது: கூடாது. ஆட்டம் நடக்கிறப்போ ஆடுறவர் தன்னோட கேடிகிட்ட மட்டும்தான் ஆலோசனை கேட்கலாம். உன்கிட்ட கேட்டா பொதுவா தண்டனையா அவர் அடிச்ச கணக்குல 2 அடி கூடும். கயித்துக்கு வெளியில நின்னு கையை அசைச்சுக் காட்டினாலும் தப்புதான். டோக்கியோ ஒலிம்பிக்ல அதிதி அசோக் ஒரே ஒரு அடியில வெண்கலத்தைத் தவற விட்டு நாலாவது வந்தாங்க. பை தூக்கினது அவங்க அம்மா. அந்த நாலு நாளும் ஆட்டத்துக்குள்ள எந்தப் பயிற்சியாளர் குரலும் கிடையாது. அவ்வளவு நாள் சொல்லிக் கொடுத்துட்டு அன்னைக்கு வாயை மூடிக்கிட்டு பார்க்கிறது இருக்கே, இந்த வேலையிலயே கஷ்டம் அதுதான்.

வருமானம் பத்தி அம்மா கேட்டதுக்கு நான் இன்னும் பதில் சொல்லல. பெரும்பாலான இடத்துல மாசச் சம்பளம் கிடையாது. பாடத்துக்கு இவ்வளவுன்னு வரும், அதுல ஒரு பங்கு கிளப்புக்குப் போகும். மழை மாசத்துல பாதி நாள் வருமானம் இல்ல. முதல் மூணு வருஷம் நான் பகல்ல மட்டைக்குப் பிடி மாட்டித்தான் வாடகை கட்டினேன். இப்போ வீடு நடக்குது, தங்கச்சி கல்யாணம் முடிச்சேன். சான்றிதழ் அவசியம், தேசிய கோல்ஃப் அகாடமி நடத்துற பயிற்சியாளர் படிப்பு இருக்கு, அதைப் படிப்படியா முடிச்சாதான் நல்ல கிளப் உள்ள விடும். பி.பி.எட்.டை விட்டுடாதே. உடற்கூறும் பிள்ளைகளைக் கையாளுறதும் நீ படிச்சிட்ட, என்கிட்ட வர்ற உதவியாளர்களுக்கு அதைத்தான் முதல் வருஷம் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கு.

கோட்டாறு செட்டிக்குளம் | புதன், இரவு 10.40

ஊர்ல மைதானம் இல்லைன்னு நான்தான் சொன்னேன். திருவனந்தபுரம் கவடியார்ல 9 குழி மைதானம் ஒண்ணு இருக்கு, திருவிதாங்கூர் ராஜா காலத்துல இருந்தே உள்ளது. நாகர்கோவில்ல இருந்து காலை ரயில்ல போயிட்டு மதியத்துக்குள்ள திரும்பிரலாம். 1956 வரைக்கும் நம்ம மாவட்டமும் அந்தப் பக்கத்தோடதான் இருந்தது. தம்பி முதல்ல அங்க போய் கேட்டுப் பார்க்கலாமே.

வடசேரி மட்டை | புதன், இரவு 10.55

நல்ல யோசனை. அங்க எனக்குத் தெரிஞ்ச ஒரு பயிற்சியாளர் இருக்கார், பேசிட்டேன். சனிக்கிழமை காலையில பிள்ளைகள் வகுப்பு எடுக்கிறார். ஓரமா நின்னு பார்க்கச் சம்மதிச்சிருக்கார். நம்பர் தனிச் செய்தியில அனுப்புறேன். அப்பாவையும் கூட்டிட்டுப் போ.

ஆரல்வாய்மொழி கணவாய்க் காத்துல சைக்கிள் மிதிச்சு வளர்ந்தவன் நீ, எதிர்காத்துல அழுத்தி மிதிச்சா ஆகாது, கியரை இறக்கிட்டு மெல்ல மிதிக்கணும்னு தெரியும். கோல்ஃப்லயும் எதிர்காத்துல ஓங்கி அடிச்சா சுழற்சி ஏறி பந்து மேலே போய் நின்னுடும். ஒரு நம்பர் குறைஞ்ச, நீளமான மட்டை எடுத்து அமைதியா அடிக்கணும். அவர் கேட்டா இதைச் சொல்லு.

தோவாளை பையன் | புதன், இரவு 11.05

நன்றி அண்ணே. என்ன கொண்டு போகணும்?

வடசேரி மட்டை | புதன், இரவு 11.08

தொப்பி, தண்ணி, ஒரு நோட்டு. மட்டை வேண்டாம். பந்தைப் பார்க்காதே, அவர் எங்க நிக்கிறார், எப்போ பேசாம இருக்கார்னு எழுது.

தோவாளை அம்மா | வியாழன், காலை 6.30

இப்பத்தான் மார்க்கெட்டுல இருந்து வந்தேன். சனிக்கிழமை முகூர்த்த நாள், பூவுக்கு நல்ல வெலை இருக்கும். ஆனாலும் அவன் அப்பா கடையை என்கிட்ட விட்டுட்டு அவன்கூடப் போறேன்னு சொல்லிட்டாரு. போயிட்டு வந்ததும் எழுதுகேன்.